இன்னொருவருடைய நோன்பு

தேநீர் கேட்டவருக்குக் கோப்பி வந்தால் கோப்பியைக் குடித்துவிடுவார். சீனி வேண்டாம் என்று சொன்ன கோப்பையில் இரண்டு கரண்டி சீனி இருந்தாலும் குடித்துவிடுவார். கொண்டுவந்தவரைப் பார்த்து வலது கையை நெஞ்சில் வைத்துத் தலையைக் கொஞ்சம் குனிவார். அவ்வளவுதான்.

அவர் எங்கள் வேலைத்தலத்துக்கு வந்தது 2014 பெப்ரவரி பத்தாம் திகதி, திங்கட்கிழமை. போனது 2023 செப்ரெம்பரில். லிட்கம் தொழிற்பேட்டையில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மருந்துக் களஞ்சியம் அது. மருந்துகளைப் பெட்டி பெட்டியாக இறக்கி, மேற்குச் சிட்னியில் உள்ள மருந்தகங்களுக்குப் பிரித்து அனுப்புவோம். நான் காலாவதித் திகதிகளைப் பார்ப்பவன். திகதி பார்ப்பது எனக்குத் தொழில் மட்டுமில்லை, வியாதியும்கூட. டூங்கபியில் என் வீட்டு அலுமாரியில் முப்பது வருடக் குறிப்பேடுகள் இருக்கின்றன. மழை பெய்த நாள், ரயில் பிந்திய நாள், யார் எப்போது என்ன சொன்னார் என்பதெல்லாம் அவற்றில் உண்டு. இங்கே வரும் திகதிகள் அங்கிருந்து எடுத்தவை. பேச்செல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. குறிப்பேட்டில் நான் அதை என் வீட்டுத் தமிழில்தான் எழுதி வைத்தேன், அப்படியே தருகிறேன்.

அவர் எகிப்தியர், மினியா ஊர்க்காரர். அங்கே பதினாறு வருடம் சொந்தமாக மருந்தகம் வைத்திருந்தவர். இங்கே அந்தப் பட்டத்தை ஏற்பதற்குப் பரீட்சைக்கு மேல் பரீட்சை கேட்டார்கள். இரண்டு தடவை எழுதினார், பிறகு விட்டுவிட்டார். எங்களிடம் அவருக்குச் சரிபார்க்கும் வேலை. லொறியில் ஏறப்போகும் பெட்டிகளைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அந்த வேலையில் அவரைப் போல ஒருவரை நான் கண்டதில்லை. பட்டியலில் பத்து மில்லிகிராம், பெட்டியில் இருபது என்றால், பெட்டிகளைப் பலகையில் அடுக்கிக் கட்டி முடித்த பாலெட் முழுவதையும் பிரிக்க வைப்பார். சாரதி ஹோர்ன் அடித்துக்கொண்டே இருப்பான். இவர் அசையமாட்டார். "இது மருந்து" என்பார். மற்றவர்கள் செய்த பிழை, இயந்திரம் செய்த பிழை, தான் செய்த பிழை எல்லாவற்றையும் திருத்துவார். தன்னைப் பற்றி மற்றவர்கள் கொண்டிருந்த பிழையை மட்டும் திருத்தமாட்டார்.

ஓபர்னில் அவருடைய வீட்டுக்குக் கீழே ஒரு துருக்கிக்காரரின் பாண் கடை இருந்தது. முதல் நாளே அந்த மனிதர் இவரைத் துருக்கியர் என்று எண்ணித் துருக்கி மொழியில் குசலம் விசாரித்திருக்கிறார். இவர் ஏதோ தலையாட்டிவிட்டு வந்து, அன்றே இருபது துருக்கிச் சொற்களைப் பாடமாக்கினார். மூன்று வருடம் அந்த இருபது சொற்களை வைத்து ஒவ்வொரு நாளும் பாண் வாங்கினார்.

"அவருக்கு இன்னும் தெரியாதோ?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சிருக்கும். இப்ப அவரும் அந்த இருபது சொல்லுக்குள்ளதான் கதைக்கிறார்."

அவருடைய பெயரை எழுத நான் விரும்பவில்லை. எழுதினாலும் அதிலிருந்து ஒன்றும் விளங்காது. எகிப்தில் இரண்டு சமயத்தாரும் வைக்கிற பெயர் அது. அங்கே என்றால் தகப்பன் பெயரைக் கேட்பார்களாம். அதிலும் பிடிபடாவிட்டால் பாட்டன் பெயரைக் கேட்பார்களாம். "இங்க ஒருத்தரும் கேட்கிறதில்லை" என்று ஒருமுறை சொன்னார். நிம்மதியாகச் சொன்னாரா, குறையாகச் சொன்னாரா என்று அப்போது எனக்குப் பிடிபடவில்லை.

எங்கள் மேலாளர் டெப். டப்போவுக்கு அப்பால் ஒரு செம்மறிப் பண்ணையில் பிறந்து வளர்ந்த பெண், அப்போது ஐம்பது வயதிருக்கும். நல்லவர். இதை முதலிலேயே எழுதிவைக்கிறேன், பின்னால் வருவதைப் படித்து யாரும் வேறுவிதமாக நினைக்கக் கூடாது. யாருடைய பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் வீட்டுக்குப் போ என்று அனுப்பிவிட்டு, தானே கையுறை போட்டுப் பெட்டி தூக்குவார். தீபாவளிக்கு எனக்கு வாழ்த்துச் சொல்வதற்காகத் தன் கலண்டரில் திகதியைக் குறித்து வைத்திருந்தார்.

2014 ஜூன் இருபத்தேழு, வெள்ளிக்கிழமை. தேநீர் அறைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் டெப் ஒரு தாள் ஒட்டியிருந்தார். நாளை மறுநாள் தொடக்கம் ஒரு மாதம் நம்முடைய சக ஊழியர் ஒருவர் ரமழான் நோன்பு இருக்கிறார், தயவுசெய்து அவருக்கு முன்னால் சாப்பிடவோ குடிக்கவோ வேண்டாம் என்று எழுதியிருந்தது. வெள்ளிக்கிழமை மதியங்களில் வெளியே சொசேஜ் சுட்டுச் சாப்பிடுவது எங்கள் வழக்கம். அதையும் ஒரு மாதம் நிறுத்தியிருந்தார்.

ஏற்றுமிடத்துக்குப் பொறுப்பாக இருந்த மிக் அதை வாசித்துவிட்டு அவருடைய தோளில் தட்டினான். "மேட், நீ பட்டினி கிடக்கிறதெண்டால் கிட. எனக்கேன் சொசேஜ் இல்லை?" சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அந்த மாதம் முழுவதும் தன் இறைச்சிப் பேஸ்ட்ரியை லொறிக்குப் பின்னால் மறைந்து நின்று தின்றான். மிக்கும் கெட்டவன் இல்லை. இவருடைய கார் பழுதாகிக் கிடந்த மூன்று கிழமையும் ஒவ்வொரு பின்னேரமும் தன் வழியை விட்டு ஓபர்ன் வரை கொண்டுபோய் இறக்கியவன்.

அவர் அந்தத் தாளை இரண்டு தடவை வாசித்தார். கையில் சாப்பாட்டுப் பெட்டி இருந்தது. அதைப் பைக்குள் திரும்ப வைத்து சிப்பை இழுத்தார். டெப் வந்து, "சரிதானே? எதையாவது விட்டுப்போட்டனோ?" என்று கேட்டார். இவர் நெஞ்சில் கை வைத்தார்.

அந்த ஒரு மாதமும் அவர் வேலைத்தலத்தில் ஒன்றும் சாப்பிடவில்லை. அடுத்த வருடமும் அப்படியே.

நான் கண்டுபிடித்தது 2016 மே ஆறாம் திகதி. அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை. எனக்கு வெள்ளிக்கிழமையில் மரக்கறி. அவரும் அநேகமாக வெள்ளிக்கிழமையில் இறைச்சி தொடமாட்டார். அதனால் அந்த நாளில் நாங்கள் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது வழக்கமாகிவிட்டது. அவர் அவரைக்கொட்டையில் செய்த ஒரு பொரியல் கொண்டுவருவார். வெளியே கறுப்பு, உள்ளே பச்சை. எங்கள் பருப்பு வடைக்குத் தமையன் என்று சொல்லலாம். என் மனைவி அதைக் கேள்விப்பட்டதும், "அந்த அராபிக்காரருக்கும் ரெண்டு வடை வைச்சிருக்கிறன், குடுங்கோ" என்று வியாழன் இரவே உளுந்தோ பருப்போ ஊறப்போட்டுவிடுவாள்.

அன்று தேநீர் அறைக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள். வெளியே மழை. என் காருக்குள் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவர் பெட்டியைத் திறந்தார். உள்ளே கோழி.

"என்ன உஸ்தாஸ், அப்பிடிப் பார்க்கிறீங்கள்?" எகிப்தில் எழுதுகிறவர்களை, படிப்பிக்கிறவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். என் குறிப்பேட்டைப் பார்த்த நாளிலிருந்து அவருக்கு நான் உஸ்தாஸ்.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை" என்றேன்.

"ஓம்."

"கோழி."

"ஓம், கோழிதான்."

"உங்கட கலண்டர் எனக்குப் பிழைக்குது" என்று குறிப்பேட்டை எடுத்தேன். ஒவ்வொரு வருடமும் ஜனவரி ஏழாம் திகதி அவர் லீவு எடுத்தார். போன வருடம் ஏப்ரல் பதினேழிலிருந்து ஏழு வெள்ளிக்கிழமை இறைச்சி சாப்பிட்டார், பிறகு நிறுத்திவிட்டார். அதற்கு முந்தின இரண்டு மாதமும் பால்கூடத் தொடவில்லை. இந்த வருடம் எல்லோருக்கும் ஈஸ்டர் விடுமுறை மார்ச்சோடு முடிந்துவிட, இவர் மே இரண்டாம் திகதி திங்கட்கிழமை தனியாக ஒரு லீவு எடுத்தார். ரமழான் வருடத்துக்குப் பதினொரு நாள் முன்னுக்கு நகரும். இவருடைய நோன்பு அதோடு நகரவில்லை.

அவர் சத்தமாகச் சிரித்தார். அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் கண்டதில்லை. "எகிப்தில பொலிஸ்காரன்கூட என்னைப் பற்றி இவ்வளவு ஒழுங்கா எழுதி வைச்சிருக்கமாட்டான்." வலது கையில் கட்டியிருந்த அகலமான மணிக்கூட்டுப் பட்டியைக் கழற்றினார். மணிக்கட்டின் உட்பக்கத்தில் நீல நிறத்தில் ஒரு சிறிய சிலுவை குத்தியிருந்தது. "கொப்திக், எகிப்துக் கிறிஸ்தவன். எங்கட பிள்ளையளுக்குச் சின்னனிலயே குத்திவிடுவினம். ஜனவரி ஏழு எங்கட கிறிஸ்மஸ், எங்கட ஈஸ்டருக்குப் பிறகு ஐம்பது நாள் வெள்ளியிலயும் நோன்பில்லை."

"அப்ப ரெண்டு ரமழானும் பட்டினி கிடந்தது?"

"டெப் எனக்காக எல்லாற்ற வாயையும் கட்டி வைச்சா. ஒராள் சமைச்சுக்கொண்டு வந்து வாசலில நிக்க, இது எனக்கில்லையெண்டு சொல்லிக் கதவைச் சாத்தலாமோ? எல்லாருக்கும் முன்னால அவவின்ர முகம் என்னாகும்?"

மழை கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது. பட்டியைத் திரும்பக் கட்டிக்கொண்டே அவராகவே சொன்னார்: "இன்னொண்டும் இருக்கு. இங்க ஒருத்தன் 'நான் முஸ்லிம் இல்லை, கிறிஸ்தவன்' எண்டு சொன்னால், கேட்கிற ஆளுக்கு அது வேற மாதிரிக் கேட்கும். என்னை விடுங்கோ, அவனைப் பாருங்கோ எண்டு கேட்கும். என்ர மச்சான் டக்ஸி ஓடுறார். ஏறுற ஒவ்வொருத்தருக்கும் அதைத்தான் முதல்ல சொல்லுவார். எனக்கு வாய் வருகுதில்லை. மினியாவில எங்கட தேவாலயங்களை எரிச்சதை நான் மறக்கேல்லை. ஆனால் அந்த நாளில என்ர கடைக்கு முன்னால விடியும்வரை நிண்டவனும் முஸ்லிம்தான்."

"அப்ப விடுங்கோ" என்றேன். "சொல்லி என்னத்தைக் காணப்போறம். வீண் சோலி."

நான் சொன்ன இதையும் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். எங்கள் ஆட்கள் யாருக்கும் இலகுவாகக் கொடுக்கிற அறிவுரை அது.

அதிலிருந்து ஒவ்வொரு ரமழானிலும் அவர் மதியச் சாப்பாட்டை என் காருக்குள் இருந்து சாப்பிட்டார். ரயில் பாதை வேலியைப் பார்த்தபடி நிறுத்திவிடுவேன். இரண்டு நடுவயது ஆண்கள் குனிந்துகொண்டு களவாகச் சாப்பிடுவதைப் போகிற ரயிலில் இருந்தவர்கள் பார்த்திருப்பார்கள்.

உலகத்தில் எங்கேயாவது குண்டு வெடித்த செய்தி வந்தால் அடுத்த நாள் அவருக்குக் கடினமான நாள். டெப் குளிரறைக்கே தேடி வருவார். "இங்க ஒருத்தரும் உம்மைப் பற்றிப் பிழையா நினைக்கேல்லை, அது தெரியும்தானே?" என்பார். மிக் கேட்காமலே ஒரு கோப்பை தேநீர் கொண்டுவந்து வைப்பான். அன்று யாரும் செய்தியைப் பற்றி ஒரு சொல் பேசமாட்டார்கள். அவர் உள்ளே வந்தால் வானொலியின் சத்தம் குறையும். அவர் கையை நெஞ்சில் வைப்பார், தேநீரைக் குடிப்பார்.

"களைச்சுப்போனன் உஸ்தாஸ்" என்றார் அப்படி ஒரு நாளில். "செய்யாத ஒண்டுக்கு மன்னிப்புக் கேட்கவும் ஏலாது. அவையள் தாற மன்னிப்பை வேண்டாமெண்டு சொல்லவும் ஏலாது."

2023 ஜனவரியில் ஹனான் வந்தாள். லெபனான் பெற்றோருக்கு இங்கேயே பிறந்தவள், முப்பது வயது, இரண்டு பிள்ளைகள். தலையில் முக்காடு, அதற்கு மேல் பாதுகாப்புத் தொப்பி. பாரம் தூக்கும் போர்க்லிஃப்ட் வண்டியை அவள் ஓட்டினால் பின்னுக்கு எடுக்கும்போதுகூட ஒரு பெட்டி அசையாது. முதல் நாள் டெப் இவரைக் காட்டி, "உனக்கு இங்க துணைக்கு ஆள் இருக்கு" என்று அறிமுகப்படுத்தினார். ஹனான் இவரை அம்மோ என்று கூப்பிட்டாள். சித்தப்பா என்கிற மாதிரி.

ஜூன் வந்து நாள் சுருங்கியதும் அவளுக்கு ஒரு சிக்கல் வந்தது. குளிர்காலத்தில் பின்னேரத் தொழுகைக்கான நேரம் மூன்று மணிக்குச் சற்று முன்னால்தான் தொடங்கும். ஐந்து மணிக்குச் சூரியன் விழுந்துவிடும். எங்களுக்கு வேலை முடிவதும் ஐந்துக்கு. தேநீர் இடைவேளை இரண்டேகாலுக்கு. தன்னுடைய பத்து நிமிட இடைவேளையை மட்டும் மூன்று மணிக்கு மாற்றித் தரும்படி கேட்டாள். மூன்று மணிக்குத்தான் பின்னேர லொறி வரும். டெப் முடியாது என்றார்.

ஜூலை பன்னிரண்டாம் திகதி, புதன்கிழமை. நானும் அவரும் குளிரறையில் இன்சுலின் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஹனான் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"அம்மோ, வாழ்த்துகள். நீங்கள் முஸ்லிமாம்."

அவர் கையில் ஒரு பெட்டியோடு திரும்பினார்.

"டெப் சொன்னா. 'அவரும் உன்ர ஆள்தானே. ஒன்பது வருசமா ஒரு நாளும் தொழப்போக விடுங்கோ எண்டு கேட்கேல்லை. கிறிஸ்மஸ் பார்ட்டியில ஒரு பியரும் குடிக்கிறவர். அப்ப இது உங்கட சமயமோ, உன்ர பிடிவாதமோ?' எண்டு கேட்டா." அவளுடைய மூச்சு குளிரில் புகையாக வந்தது. "எனக்குத் தெரிஞ்ச முஸ்லிம் ஒருத்தரும் இவ்வளவு நல்லவையில்லை, அம்மோ. நீங்கள் எங்களை எல்லாம் மிஞ்சிட்டீங்கள்."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"ரெண்டாம் நாளே, கை கழுவேக்க மணிக்கட்டில சிலுவையைக் கண்டனான். அவையளுக்கும் தெரியும் எண்டுதான் நினைச்சனான். ஒன்பது வருசம், அம்மோ!"

"நீ டெப்புக்குச் சொன்னனியோ?"

"நான் ஏன் சொல்லுவான்? அது உங்கட." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "வாற கிழமை வியாழக்கிழமை என்ர புரபேஷன் கூட்டம், வேலையை நிரந்தரமாக்கிறதோ எண்டு பார்க்கிறது. ஆறு மாசம் முடியுது. ஒத்துப்போகிறவள் இல்லையெண்டு எழுதி வைச்சிருக்கிறா. மேசையில இருந்த தாளைத் தலைகீழா வாசிச்சனான். என்னை நிப்பாட்டினால் இந்தப் பிள்ளையளோட திரும்ப முதல்ல இருந்து இன்னொரு இடம் தேட எனக்குத் தெம்பில்லை."

அவள் போய்விட்டாள். அவர் கையில் இருந்த பெட்டியின் திகதியை வாசித்தார், திரும்ப வாசித்தார். "நான் ஆரையும் விற்கக் கூடாதெண்டுதான் வாயை மூடிக்கொண்டிருந்தனான்" என்றார். எனக்குச் சொன்னாரா என்று தெரியவில்லை.

அன்று இரவு என் மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். "நீங்களும் ஏழு வருசமாத் தெரிஞ்சுகொண்டு பேசாமல் இருந்தனீங்களோ?"

"அது அவற்ற விசயம்தானே."

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும் எண்டு சும்மா சொல்லேல்லை. வாயில்லாததுகள் தானும் பிழைக்காது, மற்றவையையும் பிழைக்க விடாது."

 திங்கட்கிழமை, பதினேழாம் திகதி, பட்டியலில் இல்லாத ஒரு பெட்டி அவருடைய கையொப்பத்தோடு லொறி வரை போயிற்று. ஒன்பது வருடத்தில் அதுதான் முதல் தடவை. நான் கண்டு திருப்பி எடுத்தேன். சொன்னபோது அவர் நம்பவில்லை. தன் கையொப்பத்தையே முறைத்துப் பார்த்தார்.

புதன் பின்னேரம் கார் தரிப்பிடத்தில் என்னிடம் வந்தார். "நாளைக்கு நீங்களும் வாங்கோ, உஸ்தாஸ். திகதி எல்லாம் உங்களிட்டத்தான் இருக்கு."

"டெப் கோவிப்பாவோ எண்டு பயமோ?"

"கோவிச்சால் நல்லம். வெட்கப்படுவா. ஒன்பது வருசம் எல்லாருக்கும் முன்னால ஒட்டின தாள்." என் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டார். "நான்தான் முதல் நாளே அவவைக் காப்பாற்றியிருக்க வேணும்."

ஜூலை இருபது, வியாழக்கிழமை, காலை பத்து மணி. டெப்பின் அறையில் ஹனானும் நாங்கள் இருவரும். அவர் நின்றுகொண்டே பேசினார். முதலில் டெப்புக்கு நன்றி சொன்னார். பிறகு டெப்பின் பெற்றோருக்கு, இப்படி ஒரு பிள்ளையை வளர்த்ததற்கு நன்றி சொன்னார். டெப்பின் முகம் வெளுத்துவிட்டது. "என்ன, வேலையை விடப்போறீரோ? ஏதும் வருத்தமோ?"

"இல்லை. நான் முஸ்லிம் இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை. கிறிஸ்தவன். நீங்கள் எனக்குச் செய்த மரியாதையை நான் திருத்தேல்லை, அது என்ர பிழை. ஆனால் என்னை வைச்சு இந்தப் பிள்ளையை அளக்காதேங்கோ. நான் தொழக் கேட்காததுக்குக் காரணம் எனக்கு அந்தத் தொழுகை இல்லை."

டெப் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். பிறகு டெப் சிரித்தார், மேசையில் அடித்துச் சிரித்தார். "ஏன் நீர் முதல் நாளே சொல்லேல்லை? அந்தத் தாளைக் கிழிச்சுப்போட எனக்கு ரெண்டு நிமிசம்! இதுக்குப் போய் ஒன்பது வருசம் பட்டினியோ?"

அவர் டெப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். டெப்பின் முகத்தில் வெட்கத்தைத் தேடினார் என்று நினைக்கிறேன். ஒன்பது வருடம் அவர் காவல் காத்தது அந்த வெட்கத்தைத்தான். அது அங்கே இருக்கவில்லை. இருந்தது வேறொன்று. நிம்மதி என்று அன்று குறிப்பேட்டில் எழுதினேன். பிறகு வேறு சொல் தேடினேன், கிடைக்கவில்லை. டெப் மேசையைச் சுற்றி வந்து அவரைக் கட்டிப்பிடித்தார். "உம்மைத் தொட்டால் பிழையாப்போயிடும் எண்டு இவ்வளவு நாளும் கைகூடக் குடுக்கேல்லை. அட கடவுளே. நீர் எங்கட ஆளோ!"

"அப்ப நான்?" என்று கேட்டாள் ஹனான்.

டெப் அவரை விட்டு விலகினார். டெப்பின் கழுத்து சிவந்தது. அந்த நாளில் அவர் வெட்கப்பட்டது அப்போதுதான். அதற்குக் காரணம் இவரில்லை. போய் உட்கார்ந்தார், தாளில் ஒரு வரியை வெட்டினார், வேறொன்று எழுதினார். "மூன்று மணி. லொறி பத்து நிமிசம் நிக்கட்டும்" என்று சொல்லிக் கையொப்பம் வைத்தார்.

வெளியே வந்ததும் ஹனான், "நன்றி அம்மோ. கொஞ்சம் பிந்தினாலும்" என்றாள்.

அடுத்த நாள் காலைக் கூட்டத்தில் டெப் எல்லோருக்கும் அதை ஒரு பகிடியாகச் சொன்னார். ஒன்பது வருடம் ஒரு கிறிஸ்தவனுக்கு ரமழான் பிடிக்க வைத்தோம் என்றதும் எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். மதியம் மிக் அவருக்கென்று தனியாக இரண்டு சொசேஜ் பாணில் வைத்துக் கொண்டுவந்து நீட்டினான். "பிடி. ஒன்பது வருசத்துப் பாக்கி." அன்று வெள்ளிக்கிழமை. அவருக்கு நோன்பு நாள். அவர் நெஞ்சில் கை வைத்துவிட்டு, இரண்டையும் சாப்பிட்டார். நான் என் வடையைத் தனியாகச் சாப்பிட்டேன்.

அதன் பிறகு அவர் உள்ளே வந்தால் வானொலியின் சத்தத்தை யாரும் குறைக்கவில்லை. செய்தி வந்தால் அவருக்கு முன்னாலேயே பேசினார்கள். அவருடைய அபிப்பிராயத்தைக் கேட்டார்கள், அந்தப் பக்கத்து ஆட்களைப் பற்றி அவருக்குத்தானே தெரியும் என்று. யாரும் கோபமாகப் பேசவில்லை. சாதாரணமாகத்தான் பேசினார்கள்; எப்போதும் அப்படித்தான் பேசியிருப்பார்கள், அவர் இல்லாத நேரங்களில்.

ஆகஸ்ட் முதலாம் திகதி, செவ்வாய்க்கிழமை, மூன்று மணி இரண்டு நிமிடம். தேநீர் அறைக் கண்ணாடிக்கு அப்பால் ஹனானின் போர்க்லிஃப்ட் ஆளில்லாமல் நின்றது. லொறிக்காரன் கீழே இறங்கிச் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். மிக் ஒரு கதிரையை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான்.

"தொழப் போயிட்டாள்" என்றான். "பத்து நிமிசம்."

"ஓம்."

"இனி உன்னோட மனம் விட்டுக் கதைக்கலாம்தானே, மேட். அவள் ஆள் எப்பிடி? நம்பலாமோ?"

"நல்லா ஓட்டுவாள்."

"அதைக் கேட்கேல்லை."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "என்னை ஒன்பது வருசம் நம்பினனிதானே?"

மிக் பொய் சொல்லத் தெரியாதவன். பிடரியைச் சொறிந்தான். "உண்மையைச் சொல்லட்டோ? கோவிக்கக் கூடாது." போதை தரக்கூடிய கடும் மருந்துகளை வைக்க எங்களிடம் ஒரு கம்பி அறை இருந்தது. ஐந்து மணிக்கு அதைப் பூட்டுவது அவருடைய பொறுப்பு. "நீ பூட்டிப்போட்டுப் போன பிறகு நான் போய் அந்தப் பூட்டை இழுத்துப் பார்க்கிறனான். ஒவ்வொரு பின்னேரமும். டெப் சொல்லேல்லை, நானாத்தான். உன்னை எனக்குப் பிடிக்கும், அது வேற. அந்த நேரம் நீ... உனக்கு விளங்கும்தானே."

"விளங்குது" என்றார். பிறகு கேட்டார்: "எப்பிடி இருந்தது?"

"எது?"

"பூட்டு. ஒன்பது வருசம் இழுத்துப் பார்த்தனியே. எப்பிடி இருந்தது?"

"பூட்டித்தான் இருந்தது" என்றான் மிக். "எப்பவும்."

ஹனான் வந்து போர்க்லிஃப்டை முடுக்கினாள். எல்லோரும் எழுந்து போனோம்.

அன்று ஐந்து மணிக்கு அவர் கம்பி அறையைப் பூட்டினார். பூட்டிவிட்டுப் போகவில்லை. "மிக், வந்து இழுத்துப் பார்" என்று கூப்பிட்டார். ஏற்றுமிடத்தில் நின்ற மிக் சிரித்துக் கையை ஆட்டினான், போ போ என்று. அவர் திறப்பைக் கையில் பிடித்தபடி பூட்டுக்குப் பக்கத்தில் நின்றார். டெப் வெளிச்சங்களை அணைத்துக்கொண்டு வந்தவர், இருவரையும் பார்த்துவிட்டு அந்த ஒரு வெளிச்சத்தை மட்டும் விட்டார். ஹனான் தன் பையோடு கதவடியில் நின்றாள்.  ஐந்து மணி பதினொரு நிமிடத்துக்கு மிக் தொப்பியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வந்தான், எங்களுக்கு முன்னால் அந்தப் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தான்.